வேர் வைத்தியம்

நமது சிறுபத்திரிகைகளில் விமர்சனக் கட்டுரையைத் தொடங்குவதற்கு ஒரு சுலபமான வழி ஏற்பட்டிருக்கிறது. எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேரைச் சொல்லிவிடுவது. 'பொயட்ரி' என்ற சொல் 'பொயெய்ன்' என்னும் கிரேக்க வினையிலிருந்து வருகிறது. அதற்குச் 'செய்தல்' என்று பொருள். ஆகவே கவிதை என்பது செய்யப்படுவது. ஆகவே உணர்ச்சிக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே இன்னார் எழுதுவது கவிதை அல்ல. மூன்று 'ஆகவே'க்களில் ஒரு கவிஞன் காலி. அவன் எழுதிய ஒரு வரியைக்கூட எடுத்துப் பார்க்கும் சிரமம் விமர்சகருக்கு ஏற்படவில்லை.

'தியரி'யின் வேர் 'தியோரியா', அதாவது பார்த்தல்; பார்த்தலுக்கு நம் மரபில் தரிசனம் என்று பெயர்; ஆகவே அவர்கள் தியரி என்பதும் நாம் தரிசனம் என்பதும் ஒன்றே என்று முடித்து, நடுவில் கிடக்கும் இரண்டாயிரம் வருஷச் சிந்தனையை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 'ட்ராஜெடி' என்றால் ஆட்டுப் பாட்டு என்று ஆரம்பித்து, பலி, ரத்தம், சடங்கு என்று மூன்று பக்கம் போய், நாடகத்துக்கு வராமலே முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்குள் ஆடு எப்படி வந்தது, அது பரிசாகக் கொடுக்கப்பட்டதா, பலியிடப்பட்டதா, ஆட்டு வேஷம் கட்டியவர்கள் பாடினார்களா என்பது கிரேக்கம் கற்ற அறிஞர்களிடையே இன்றும் தீராத வழக்கு. நம்மவர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

இப்படி எழுதுகிறவர்களில் கிரேக்கம் படித்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆங்கில அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதே, அதுதான் இவர்களது கிரேக்கம். நானும் ஆங்கில பி.ஏ.தான். எனக்கும் அந்த அடைப்புக்குறிக்கு மேல் கிரேக்கம் தெரியாது. ஆனால் அதை வைத்து நான் யாருக்கும் தீர்ப்பு எழுதுவதில்லை. அகராதி அதை அடைப்புக்குறிக்குள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பொருள் அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கிறது. 1884-லிருந்து 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து முடிந்த ஆக்ஸ்ஃபர்டு பேரகராதியைத் திறந்தால், வேருக்குச் சில வரிகளும், அந்தச் சொல்லை எந்த வருஷத்தில் யார் எந்த வாக்கியத்தில் எப்படி எழுதினார் என்பதற்குப் பத்தி பத்தியாக மேற்கோள்களும் இருக்கும். அகராதிக்காரர்கள் வேரை நம்பியிருந்தால் இத்தனை காகிதத்தை வீணாக்கியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடி ஏதென்ஸுக்குப் போக வேண்டியதில்லை. நான் வங்கியில் குமாஸ்தா. வங்கித் தேர்வு எழுதிவிட்டு வருகிற இளைஞர்கள் எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 1949-ல் நார்மன் லூயிஸ் என்ற அமெரிக்கர் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் நடைபாதைக் கடைகளில் அடுக்கிக் கிடக்கிறது. வேரைக் கற்றுக்கொள், ஒரு வேருக்குப் பத்துச் சொல் தானாக வந்து சேரும் என்பது அதன் முறை. அதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பொருள் ஏற்கெனவே தெரிந்த சொல்லை மறந்துபோகாமல் முடிந்து வைத்துக்கொள்ள வேர் நல்ல கயிறு. தெரியாத சொல்லின் பொருளை இழுத்து எடுக்கத்தான் அது உதவாது. கிரேக்கத்தில் 'பைஸ்' என்றால் குழந்தை. லத்தீனில் 'பெஸ்' என்றால் பாதம். கிரேக்கத்திலேயே 'பெடான்' என்றால் தரை. ஆங்கிலத்துக்குள் வரும்போது மூன்றும் ஏறக்குறைய ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. குழந்தை வைத்தியத்துக்கு 'பீடியாட்ரிக்ஸ்', பாதசாரிக்கு 'பெடஸ்ட்ரியன்', மண்ணைப் பற்றிய விஞ்ஞானத்துக்கு 'பெடாலஜி'. எது எந்த வேர் என்று தெரிய வேண்டுமானால் சொல்லின் பொருள் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டி என்று இதைத்தான் சொல்வது. தேர்வில் இந்த வித்தை பலிக்காவிட்டால் கால் மார்க் போகும். விமர்சனத்தில் பலிக்காவிட்டால் ஒன்றுமே போவதில்லை, எழுதியவருக்கு. ஆகவேதான் அது தேர்விலிருந்து விமர்சனத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

'பொயெய்ன்' விஷயத்துக்குத் திரும்புவோம். அந்த வினை செருப்புத் தைப்பதற்கும் வீடு கட்டுவதற்கும் பொது. பிளேட்டோவின் 'சிம்போசிய'த்தில் டியோட்டிமா என்ற பெண் சாக்ரடீஸுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்கிறாள்: இல்லாதது ஒன்று இருப்பதாக ஆவதெல்லாமே 'பொயேசிஸ்', கைத்தொழில் செய்வோர் எல்லோருமே அந்தக் கணக்கில் 'பொயேட்டெஸ்'; ஆனால் நாம் அப்படி அழைப்பதில்லை, இசையோடும் யாப்போடும் சம்பந்தப்பட்ட ஒரு பகுதியை மட்டும் பிரித்து அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறோம் என்று. அதாவது, வேர் சொல்வது வேறு, வழக்கு சொல்வது வேறு என்பது, அந்த வேரைத் தாய்ப்பாலோடு குடித்த கிரேக்கனுக்கே தெரிந்திருந்தது. அவன் விட்டுவிட்டதை மயிலாப்பூரிலும் மதுரையிலும் உட்கார்ந்துகொண்டு நாம் பொறுக்கி எடுக்கிறோம்.

டியோட்டிமா சொன்னதற்கு நம் இலக்கணத்தில் பெயரே உண்டு. இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அவற்றோடு மூன்றாவது ஒன்றும் சொல்லிக்கொடுத்தார்கள், பலருக்கு மறந்திருக்கும். காரண இடுகுறி. உதாரணம் முள்ளி. முள் இருப்பதால் முள்ளி என்று பெயர் வந்தது, காரணம் இருக்கிறது. ஆனால் முள் உள்ள செடியெல்லாம் முள்ளி அல்ல. ஒரு செடிக்கு மட்டும் அது இடுகுறியாய் நின்றுவிட்டது. முள்ளைக் காட்டி ரோஜாவை முள்ளி என்று வாதாடுகிறவனை எந்த நாட்டு வைத்தியனும் பக்கத்தில் சேர்க்கமாட்டான். தொல்காப்பியர் உரியியலில் இன்னும் ஒரு படி மேலே போய், சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படுவதல்ல என்று சொல்லி வைத்திருக்கிறார். 1916-ல் அச்சான ஸொசூரின் பாடங்களை மேற்கோள் காட்டாமல் நம்மவர்கள் இப்போது மூச்சு விடுவதில்லை. அந்த ஸொசூர் மொழியைச் சதுரங்கத்துக்கு ஒப்பிட்டார். ஆட்டத்தின் பாதியில் வந்து பலகையைப் பார்க்கிறவனுக்கும் நிலைமை முழுக்கத் தெரியும். காய்கள் இதுவரை எந்தக் கட்டங்கள் வழியாக வந்தன என்பது அவனுக்கு வேண்டியதில்லை. கட்டுரையின் முதல் பத்தியில் ஸொசூரையும் இரண்டாவது பத்தியில் கிரேக்க வேரையும் சேர்த்து வைத்து எழுதுகிற அதிசயத்தை நம்மிடம்தான் காணமுடியும்.

வேரை வைத்து வாதிடுவது எவ்வளவு அசட்டுத்தனமாக முடியும் என்பதற்கு ஒரு சரித்திரச் சான்று. பாரிஸில் ஷார்க்கோவிடம் பயின்றுவிட்டு வியன்னா திரும்பிய ஃப்ராய்ட், 1886 அக்டோபரில் அங்குள்ள மருத்துவர் சங்கத்தில் ஆண்களுக்கு வரும் ஹிஸ்டீரியாவைப் பற்றிப் பேசினார். ஒரு வயதான சர்ஜன், 'ஹிஸ்டெரான்' என்றால் கருப்பை அல்லவா, ஆணுக்கு எப்படி ஹிஸ்டீரியா வரும் என்று ஆட்சேபித்தாராம். பின்னால் 1925-ல் வெளியான சுயசரிதைக் குறிப்பில் ஃப்ராய்டே இதைச் சொல்கிறார். இதில் வேடிக்கை, கருப்பைக்குக் கிரேக்கச் சொல் 'ஹிஸ்டெரா'. 'ஹிஸ்டெரான்' என்றால் 'பிந்தியது' என்று அர்த்தம். கிழவருக்கு வேரும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன? நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறான். கை விளங்கவில்லை, தொட்டால் உணர்ச்சியில்லை. அவனைப் பார்க்காமல் அகராதியைப் பார்த்து நோய் இல்லை என்று சொன்னவரை வைத்தியர் என்பதா? கவிதையைப் பார்க்காமல் அதே காரியத்தைச் செய்கிறவரை மட்டும் விமர்சகர் என்கிறோம்.

இப்போது 'கதார்சிஸ்'. நம்மிடையே இதைப் போல அடிபட்ட சொல் இன்னொன்று இல்லை. 'கதரோஸ்' என்றால் சுத்தம். ஆகவே கதார்சிஸ் என்றால் சுத்திகரிப்பு. ஆகவே சோக நாடகம் மனத்தைச் சுத்தம் செய்கிறது. ஆகவே, இங்கே ஒரு தாவல், நமது சித்த சுத்தி. கேட்கச் சுகமாக இருக்கிறது. விஷயம் அவ்வளவு சுகமில்லை.

அரிஸ்டாட்டில் தம் 'கவிதையிய'லில் ட்ராஜெடிக்கு இலக்கணம் சொல்லும் ஆறாவது அத்தியாயத்தில், இரக்கமும் அச்சமும் எழுப்பி அவற்றின் கதார்சிஸை நிகழ்த்துவது என்று ஒரு தடவை சொல்கிறார். அதற்கப்புறம் அந்த நூலில் அந்தச் சொல் வருவது பதினேழாவது அத்தியாயத்தில். அங்கே அது ஒரெஸ்டெஸுக்குச் செய்யும் தீட்டுக்கழிப்புச் சடங்கைக் குறிக்கிறது. நாடகக் கொள்கையோடு அதற்குச் சம்பந்தமில்லை. 'அரசிய'லின் எட்டாம் பகுதியில் இசையைப் பற்றிப் பேசும்போது, கதார்சிஸ் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைக் கவிதையைப் பற்றிய நூலில் தெளிவாக விளக்குவேன் என்று வாக்குக் கொடுக்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் நூலில் அந்த விளக்கம் இல்லை. மொத்தச் சொத்தும் இவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு ஐரோப்பா பல நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டு வந்திருக்கிறது. 1760-களின் கடைசியில் ஹாம்பர்க் நாடகசாலையைப் பற்றி எழுதிய லெஸ்ஸிங், உணர்ச்சிகள் நற்குணங்களாக மாற்றப்படுவதே கதார்சிஸ் என்றார். அறநெறி வியாக்கியானம். 1857-ல் யாகோப் பெர்னேஸ் என்ற ஜெர்மானியப் பண்டிதர், அறமும் இல்லை ஒன்றும் இல்லை, இது வைத்தியச் சொல், பேதி மருந்து வயிற்றுக்குச் செய்வதை நாடகம் மனசுக்குச் செய்கிறது, தேங்கியதை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான் என்றார். இந்தப் பெர்னேஸ் ஃப்ராய்டின் மனைவிக்குப் பெரியப்பா. 1895-ல் ப்ராயரும் ஃப்ராய்டும் ஹிஸ்டீரியாவுக்கான தங்கள் சிகிச்சைக்கு வைத்த பெயரும் கதார்சிஸ் முறை என்பதுதான். பிறகு 1962-ல் லியோன் கோல்டன் என்ற அமெரிக்கர், இது அறிவு சம்பந்தப்பட்டது, நிகழ்ச்சிகளின் மூலம் இரக்கமும் அச்சமும் நமக்குத் தெளிவாகப் புலப்படுவதே கதார்சிஸ் என்றார்.

நற்குணமாக்குதல், வெளியேற்றுதல், தெளிவாக்குதல். மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. முதலாவதில் பார்வையாளன் மேலானவனாகிறான். இரண்டாவதில் அவனுக்குப் பாரம் இறங்குகிறது, மறுநாள் பழையபடி. மூன்றாவதில் அவனுக்கு ஏதோ விளங்குகிறது. நாடகம் என்பது என்ன, அது எதற்கு வேண்டும் என்பதைப் பற்றிய மூன்று வெவ்வேறு நம்பிக்கைகள் இவை. ஒரு சமூகம் தன் நாடகக்காரனை எங்கே உட்கார வைக்கும் என்பதே இவற்றில் எதை ஒப்புக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த மூன்று பேருக்கும் கிரேக்கம் தண்ணீர் பட்ட பாடு. மூன்று வியாக்கியானமும் 'கதரோஸ்' என்ற வேருக்குப் பொருந்துகிறது. அழுக்கைக் கழுவினாலும் சுத்தம், வயிற்றைக் காலி செய்தாலும் சுத்தம், கலங்கிய நீர் தெளிந்தாலும் சுத்தம். அப்படியென்றால் வேர் எதைத் தீர்த்து வைத்தது? வழக்கில் மூன்று கட்சிக்காரர்களும் ஒரே சாட்சியைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்தச் சாட்சியால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று கோர்ட்டு வாசலில் டீ விற்பவனுக்குக்கூடத் தெரியும்.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சாவு வீட்டுக் கருமாதியில் கர்ண மோட்சம் கூத்து வைப்பது உண்டு. செத்தவனின் பிள்ளைகள், பெண்டாட்டி, பங்காளிகள் முன்னால் உட்கார்ந்திருக்க, கர்ணன் விடியவிடியச் சாகிறான். அங்கே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்கிறது? அவள் மேலானவளாகிறாளா, அவளுக்குப் பாரம் இறங்குகிறதா, சாவு என்பது ஏதோ ஒரு விதத்தில் அவளுக்கு விளங்குகிறதா? இல்லை, அரிஸ்டாட்டிலுக்குத் தெரியாத நான்காவது ஒன்றா? சாவைக் கூத்தாக்கி, சாவு நடந்த வீட்டின் முன்னாலேயே ஆடுவது எந்த அழகியலில் சேரும்? இது நிஜமான விமர்சனக் கேள்வி. தமிழில் எழுதுகிற ஒருவனால்தான் முழுதாகக் கேட்க முடிகிற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும், கூத்துக்காரனிடமும் அந்தப் பெண்ணிடமும் பேச வேண்டும். 'கதரோஸ் என்றால் சுத்தம்' என்று எழுத ஐந்து நிமிஷம் போதும், விளக்கைக்கூட அணைக்க வேண்டாம். நான் கோபப்படுவது இதற்காகத்தான். கிரேக்கத்தின் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை.

மொழிபெயர்ப்பிலும் இந்த வியாதி பரவியிருக்கிறது. வேரை மொழிபெயர்த்துவிட்டால் சொல்லை மொழிபெயர்த்தாகிவிட்டது என்ற எண்ணம். 'ஆக்ஸிஜன்' என்ற பெயரை லவாய்சியே உண்டாக்கியது கிரேக்க வேர்களிலிருந்து: 'ஆக்ஸிஸ்' என்றால் புளிப்பு, அமிலம், அமிலத்தைப் பிறப்பிப்பது என்று அர்த்தம் வரும்படி. அமிலங்களுக்கெல்லாம் அதுவே மூலம் என்று அவர் நம்பினார். 1810 வாக்கில் ஹம்ஃப்ரி டேவி, உப்பிலிருந்து எடுக்கும் அமிலத்தில், இன்று நாம் ஹைட்ரோகுளோரிக் என்பதில், ஆக்ஸிஜனே கிடையாது என்று காட்டிவிட்டார். வேரில் பொதிந்த விஞ்ஞானம் பொய்த்துப்போயிற்று, பெயர் நின்றுவிட்டது, ஒருவருக்கும் சங்கடமில்லை. ஜெர்மானியர்கள் வேரை அப்படியே தங்கள் மொழிக்குப் பெயர்த்துப் 'புளிப்புப் பொருள்' என்று வைத்துக்கொண்டார்கள், இன்றும் அப்படியே அழைக்கிறார்கள். தமிழில் அதைப் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் சொன்னவர்கள் வேரைப் பார்க்கவில்லை, அந்த வாயு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். நமது கலைச்சொல்லாக்கத்தில் நடந்த நல்ல காரியங்களில் இது ஒன்று. இலக்கியச் சொற்களுக்கு வரும்போது மட்டும் இந்தப் புத்தி எங்கே போயிற்று?

'சைக்கோஃபன்ட்' என்றால் வேர்ப்படி அத்திப்பழத்தைக் காட்டுகிறவன். ஏதென்ஸில் அது பணத்துக்காகப் பொய்வழக்குத் தொடுக்கிறவனைக் குறித்தது. ஆங்கிலத்தில் துதிபாடி. அத்திப்பழத்திலிருந்து துதிபாடிக்கு எந்த வேர் வைத்தியனும் வழி காட்ட முடியாது. 'நாஸ்டால்ஜியா'வைக் கிரேக்க ஆத்மாவின் ஆதிச் சொல் என்று உருகி எழுதுகிறார்கள். அது பழைய கிரேக்கத்தில் இல்லவே இல்லை. 1688-ல் பாஸலில் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற வைத்திய மாணவர், ஊர் ஏக்கத்தால் நோய்ப்படும் ஸ்விஸ்காரர்களைப் பற்றிய தமது ஆராய்ச்சிக்காக, வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்துச் செய்தது. அப்போது அது இடத்தைப் பற்றிய ஏக்கம். இன்று காலத்தைப் பற்றியது. வேர் அப்படியே இருக்க, பொருள் ஊரிலிருந்து வருஷத்துக்கு நகர்ந்துவிட்டது.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் 1978 ஜனவரியிலும் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகளுக்கு இப்படி நடந்திருக்கிறது. மறுநாள் அந்த நோட்டில் எது மாறியிருந்தது? நீர்க்குறி இருந்தது, வெள்ளி இழை இருந்தது, கவர்னர் கையெழுத்து இருந்தது. பிறப்பில் ஒரு குறையும் இல்லை. கடையில் வாங்கமாட்டேன் என்றார்கள். கள்ள நோட்டா என்று பார்க்க நீர்க்குறி வேண்டும், அது என் வேலை. ஆனால் நோட்டின் மதிப்பு நீர்க்குறியில் இல்லை, எதிரே நிற்பவன் வாங்கிக்கொள்வான் என்பதில் இருக்கிறது. மொழியில் அறிவிப்பு இல்லை, வரிசை இல்லை, கெடு இல்லை. ஆனால் செல்லாமல் போவது நடந்துகொண்டே இருக்கிறது. 'நாற்றம்' நமக்கு ஒரு காலத்தில் நறுமணமாக இருந்தது. இன்று நண்பர் வீட்டுச் சமையலைப் பாராட்டி அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். எள்ளின் நெய் எண்ணெய். தேங்காயிலிருந்து வந்தாலும் எண்ணெய், மண்ணுக்கடியிலிருந்து வந்தால் மண்ணெண்ணெய். எள்ளை யாரும் தேடவில்லை. கிரேக்கத்தில் வங்கிக்கே 'ட்ராபெஸா' என்றுதான் பெயர். மேஜை என்று அர்த்தம், அதற்கும் அடியில் நாலு கால் என்று அர்த்தம். காசு மாற்றுகிறவர்கள் மேஜை போட்டு உட்கார்ந்ததால் வந்த பெயர். அங்கே ஒருவன் நகையை அடகு வைக்கப் போகும்போது நாலு காலைப் பற்றி நினைப்பான் என்று நான் நம்பவில்லை.

ஹைடெக்கர் செய்தாரே என்பார்கள். செய்தார். உண்மைக்கான கிரேக்கச் சொல் 'அலெத்தேயா'வை மறைவின்மை என்று வேர் பிரித்து, 1927-லிருந்து அதன் மேல் ஒரு பெரிய கட்டடம் எழுப்பினார். 1964-ஆம் வருஷத்து உரையில், கிரேக்கர்களிடத்திலும் உண்மை என்ற சாதாரணக் கருத்து மறைவின்மையைக் குறிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். நம்மவர்கள் 1927-ஐப் படித்தார்கள், 1964-க்கு இன்னும் வரவில்லை. 'எடிமாலஜி' என்ற சொல்லே தனக்குத்தானே செய்துகொள்ளும் விளம்பரம் என்பதை, 1953-ல் இந்த வேர்வழி நிரூபணத்தைக் கிண்டல் செய்து ஒரு சிறு புத்தகமே எழுதிய பிரெஞ்சு விமர்சகர் ழான் போலான் கவனித்தார்; 'எடிமோஸ்' என்றால் மெய்யானது. மெய்ப்பொருள் என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டு வருகிறவனை நாம் சாதாரணமாகச் சந்தேகப்படுவோம். பிளேட்டோ சந்தேகப்பட்டிருக்கிறார். 'க்ராட்டிலஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் வரிசையாகச் சொற்களுக்கு வேர் சொல்லித் தள்ளுகிறார். நடுவில், இன்று என்மேல் ஏதோ வந்து ஏறியிருக்கிறது, இன்றைக்கு இது ஆடட்டும், நாளைக்கு ஒரு பூசாரியையோ ஸோஃபிஸ்டையோ பிடித்து இதை ஓட்டிச் சுத்தி செய்துகொள்ளலாம் என்கிறார். அந்தச் சுத்திக்கு அவர் சொல்கிற சொல் கதார்சிஸின் உடன்பிறப்பு! உரையாடலின் கடைசியில், பொருள்களைப் பெயர்களிடமிருந்து கற்பதைவிடப் பொருள்களிடமிருந்தே கற்பது மேல் என்று வருகிறது. அந்தக் கடைசிப் பக்கம்வரை போகப் பொறுமை வேண்டும்.

தேவநேயப் பாவாணர் தமிழ் வேர்களிலிருந்து உலக மொழிகளின் சொற்களைக் கிளைக்கச் செய்ததைப் பார்த்து நமது நவீனத்துவ வட்டாரங்களில் சிரிப்பார்கள். அவருடைய முடிவுகள் பலவற்றை ஒப்பியல் மொழியியலாளர்கள் ஏற்றுக்கொண்டதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுவதையும் அகராதிக்குக் கொடுத்தார். அவர் தப்புச் செய்ததெல்லாம் தமக்குத் தெரிந்த மொழியை வைத்து. இவர்கள் தெரியாத மொழியை வைத்து அதே காரியத்தைச் செய்துவிட்டு, அவரைப் பண்டிதர் என்றும் தங்களை நவீனர் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். வேரே பிரமாணம் என்றால், முதலில் தங்கள் தொழிலின் பெயருக்குப் பார்க்கட்டும். 'விமர்சனம்' வடமொழியில் 'ம்ருஶ்' என்ற தாதுவிலிருந்து வருகிறது. தொடுதல், தடவுதல் என்று பொருள். நம் பத்திரிகைகளில் மதிப்புரை என்ற பெயரில் நண்பர்கள் நண்பர்களுக்குச் செய்துகொள்வதைப் பார்த்தால், இந்த ஒரு சொல்லில் மட்டும் வேர் ஜெயித்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

வேர் உதவுகிற இடமும் உண்டு. வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் உட்கார்ந்து, கிரேக்கத் துண்டுகளை ஒட்டி, இதற்கு இதுதான் பொருள் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்ட சொற்களில் அது உதவுகிறது. அங்கேயும் வேலை செய்வது ஒப்பந்தம்தான். 'ஆர்த்ரைட்டிஸ்' என்பதில் உள்ள 'ஐட்டிஸ்' விகுதிக்கு வீக்கம், அழற்சி என்று இன்று வைத்தியப் பையன்கள் பாடம் செய்கிறார்கள். கிரேக்கத்தில் அது வெறுமே 'மூட்டைச் சேர்ந்த' என்கிற அடைமொழி விகுதி, நோய் என்ற சொல் தொக்கி நின்றது. 'ஹெலிகாப்டர்' இன்னும் தமாஷ். 1861-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் 'ஹெலிக்ஸ்', 'ப்டெரான்' என்ற திருகு, இறக்கை இரண்டையும் சேர்த்துச் செய்த சொல். பிரித்தால் 'ஹெலிகோ', 'ப்டர்'. உலகம் 'ஹெலி', 'காப்டர்' என்று தப்பான இடத்தில் வெட்டி, அந்தத் தப்பான துண்டை வைத்து 'ஹெலிபேட்' செய்துகொண்டது. அதன் மேல் வந்து இறங்குகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் கிரேக்கம் படிக்கவே கூடாதா என்று யாராவது கேட்கலாம். தாராளமாகப் படிக்கட்டும். ஐந்து வருஷம் உட்கார்ந்து, வினைத்திரிபு எல்லாம் மனப்பாடம் செய்து, ஸோஃபக்ளீஸை மூலத்தில் படித்துவிட்டுத் தமிழில் கொண்டுவந்தால் இந்தப் பத்திரிகையின் முழு இதழையும் அவருக்கே கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் நானே சிபாரிசு செய்வேன். அடைப்புக்குறிக் கிரேக்கம் மட்டும் வேண்டாம். 'மெட்டஃபர்' என்றால் கடத்திச் செல்லுதல், எனவே உருவகம் என்பது ஒரு பிரக்ஞையிலிருந்து இன்னொரு பிரக்ஞைக்கு அர்த்தத்தைக் கடத்தும் பெரும் பயணம் என்று போன மாதம்கூட ஒரு கட்டுரை வந்தது. ஏதென்ஸ் தெருக்களில் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு லாரிகள் போகின்றன. வீடு மாற்றுகிறவர்கள் அவற்றில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி, கூலி பேசி அனுப்புகிறார்கள்.